சருகைச் சலிக்காமல் ‘0’ போடாதீர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில் பல்லுயிர்க் கணக்கெடுப்புக்கு வரைவு நெறிமுறை தயாரித்திருக்கும் குழுவினருக்கு,

உங்கள் வரைவுப் படிவத்தில் ‘சிலந்திகளும் அவை போன்றவையும்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பகலில் காட்டுப்பாதையோரம் நடந்து, கண்ணில் பட்டதைக் கைபேசியில் படம் எடுத்து அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். எதையும் பிடித்துச் சேகரிக்கக் கூடாது. ஒரு சரகத்துக்கு ஒரு ஜிபிஎஸ் புள்ளி போதும். ஒன்றும் தென்படாவிட்டால் 0 போட வேண்டும்.

இது இப்படியே நடைமுறைக்கு வந்தால் ஓப்பிலியோன்கள் என்ற எட்டுக்கால் உயிரிகளின் வரிசை முழுவதும் இந்த மலைகளின் கணக்கிலிருந்து விழுந்துவிடும். விழுந்ததுகூட யாருக்கும் தெரியாது, ஏனென்றால் படிவம் நிறைந்திருக்கும். மற்ற விதிகளைப் பற்றி விவாதிக்கலாம், விட்டுக்கொடுக்கலாம். அந்த 0-வை எங்களால் ஏற்க முடியாது.

முதலில் பெயர்க் குழப்பம். நூல்களில் இவற்றை ‘அறுவடைச் சிலந்தி’ என்கிறார்கள். ஐரோப்பாவில் அறுவடைக் காலத்தில் வயலில் கண்ணில் பட்டதால் வந்த பெயர் அது. நம் சோலைக்காட்டில் அறுவடையும் கிடையாது, இது சிலந்தியும் கிடையாது. சிலந்திக்குத் தலைமார்பும் வயிறும் ஒடுங்கிய இடுப்பால் இணைந்திருக்கும். ஓப்பிலியோனுக்கு இடுப்பே இல்லை, உடல் ஒரே உருண்டை. பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் இரண்டுதான், அதுவும் முதுகின் முன்பக்கம் ஒரு சிறு மேட்டின் இருபுறமும். நஞ்சு இல்லை. நூல் சுரப்பி இல்லை. வீட்டு மூலையில் வலை கட்டித் தொங்கும் நீளக்கால் சிலந்தியையும் இதையும் ஒன்றாகவே படிவத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நூல் சுரப்பி இல்லை என்பதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலந்திக் குஞ்சு ஒரு நூலை விட்டுக் காற்றேறி மலை தாண்டும். ஓப்பிலியோன் நடந்துதான் போக வேண்டும். ஈரம் குறைந்தால் உடல் வற்றிப்போகும், அதனால் வெயில் விழும் திறந்தவெளியைத் தாண்டாது. ஒரு மலையில் இருக்கும் சிற்றினம் அடுத்த மலையில் இல்லாமல் போவதற்கும், சில சிற்றினங்கள் ஒரே பள்ளத்தாக்கோடு நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம். காற்றில் பறப்பதையும் காலால் நடப்பதையும் ஒரே கட்டத்தில் போட்டுப் பரவல் வரைபடம் போட்டால் வருகிற படம் இரண்டுக்குமே பொருந்தாது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட ஓப்பிலியோன் சிற்றினங்கள் 6,600-க்கு மேல். அவற்றில் 4,000-க்கு மேற்பட்டவை லேனியடோரிஸ் என்ற ஒரே துணைவரிசையைச் சேர்ந்தவை, பெரும்பகுதி வெப்பமண்டலக் காடுகளில் வாழ்பவை. நம் மலைகளில் அஸ்ஸாமியிடே, பையான்டிடே, போடாக்டிடே ஆகிய குடும்பங்கள் அந்தத் துணைவரிசை. நீளக் கால்களோடு பாறை இடுக்குகளிலும் தோட்டச் சாலைகளின் சிறு பாலங்களுக்கு அடியிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தொட்டால் மொத்தமாகத் துள்ளி ஆடுகின்றனவே, அவை ஸ்கிளெரோசோமாட்டிடே குடும்பத்து ககரெல்லா வகையறா. உங்கள் பாதையோர நடையில் கிடைக்கப்போவது இந்தக் கடைசி வகையறா மட்டும்தான். மற்ற மூன்றும் பகலில் மரப்பட்டைக்கு அடியிலும் மட்கிய கட்டைக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் இருக்கும்.

இனி படம். கைபேசிப் படத்தை வைத்து ஒரு ஓப்பிலியோனின் துணைவரிசையைச் சொல்லலாம், நல்ல படமாக இருந்தால் குடும்பத்தையும் சொல்லலாம். சிற்றினத்தைச் சொல்வது பெரும்பாலும் நடக்காது. வயது வந்த ஆணின் இனப்பெருக்க உறுப்பை உடலிலிருந்து பிரித்து நுண்ணோக்கியில் வைத்துத்தான் பெரும்பாலான சிற்றினங்களைப் பிரிக்க முடியும். பெண்ணை வைத்துச் சொல்வது பல பேரினங்களில் கடினம், குஞ்சை வைத்துச் சொல்ல முடியாது. நிறம் வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப மாறும். ககரெல்லா வகையறாவில் முதுகு முள்ளையும் கால் நுனிக் கணுக்களின் எண்ணிக்கையையும் நம்பிப் பேரினம் பிரித்ததன் விளைவை இன்றுவரை அனுபவிக்கிறோம். ஜெர்மானியரான கார்ல் ஃபிரீட்ரிக் ரோவர் 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அப்படிப் பிரித்தவை ஏராளம். ஒரே விலங்கின் இடது காலிலும் வலது காலிலும் கணுக்களின் எண்ணிக்கை வேறுபடுவதுண்டு. அவர் வகுத்த பல பேரினங்கள் பின்னால் வந்தவர்கள் கையில் குலைந்துபோயின. அவரிடமாவது மாதிரி உயிரி புட்டியில் இருந்தது, எடுத்துப் பார்த்துத் திருத்த முடிந்தது. உங்கள் திட்டத்தில் திருத்துவதற்குப் படம் மட்டுமே மிஞ்சும்.

படமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எடுக்கிற படம் உதவுகிற படமாக இருக்கட்டும். மேலிருந்து ஒன்று, கண்மேடும் முதுகு முள்ளும் தெரியப் பக்கவாட்டில் ஒன்று, அடிப்புறம் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று. இந்த நான்காவது படம்தான் முக்கியம். வாய்க்கு இருபுறமும் இருக்கும் பெடிபால்ப் என்ற குறுங்கைகள் மெலிந்து சின்னக் கால்போல இருந்தால் அது யூப்னோய் துணைவரிசை, அதாவது ககரெல்லா பக்கம். தடித்து, முள் முளைத்து, முகத்தின் முன்னால் மடித்து வைத்திருந்தால் லேனியடோரிஸ். பத்து மடங்கு கைலென்ஸ் இருந்தால் பாத நகத்தையும் பாருங்கள். லேனியடோரிஸில் முதல் இரண்டு இணைக் கால்களில் ஒற்றை நகமும் பின்னிரண்டு இணைகளில் பெரும்பாலும் இரட்டை நகமும் இருக்கும். யூப்னோயில் எல்லாக் காலிலும் ஒற்றை நகம். அரைநாள் பயிற்சியில் எந்த வேட்டைத் தடுப்புக் காவலரும் இதைச் செய்துவிடுவார். படிவத்தில் இதற்கு இடம்தான் இல்லை.

தேடும் நேரம் இரவாக இருக்க வேண்டும். இருட்டி ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் பகலில் ஒளிந்தவை இலை மேலும் மரத்தண்டிலும் வந்துவிடும். பிரேசிலின் அட்லாண்டிக் மழைக்காட்டில் ஒவ்வொரு மலைத்தொடருக்கும் தனித்தனிச் சிற்றினங்கள் இருப்பது தெரிய வர இரவுத் தேடலும் உதவியது. கோனிலெப்டிடே என்ற ஓப்பிலியோன் குடும்பத்தின் பரவலை வைத்தே அந்தக் காட்டைத் தனித்த உயிரிப் பகுதிகளாகப் பிரித்துக் காட்ட முடிந்திருக்கிறது. நாங்கள் பரிந்துரைக்கும் அளவு இது: 30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒரு ஆள், ஒரு மணி நேரம். தரையிலிருந்து கை எட்டும் உயரம்வரை தண்டு, இலையடி, கட்டை, பாறை எல்லாம் பார்க்க வேண்டும். புரட்டிய கட்டையைத் திரும்ப அதே குழியில் அதே பக்கம் வைக்க வேண்டும், இல்லையென்றால் அடியிலிருந்த ஈரம் விடிவதற்குள் போய்விடும். ஓர் இடத்தில் இப்படி எட்டு முறையாவது தேட வேண்டும். கடைசி இரண்டு முறையிலும் புதுச் சிற்றினம் வந்துகொண்டிருந்தால் அந்த இடம் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

இரவில் யானை, காட்டுமாடு என்பீர்கள். உண்மைதான், அதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முகாமையும் சாலையையும் ஒட்டிய 300 மீட்டருக்குள் தேடுங்கள். முன்னால் ஒருவர் தேட, பின்னால் ஒருவர் தேடாமல் காவல் மட்டும் பார்க்கட்டும். பகலில் காட்டின் உள்ளே பத்து கிலோமீட்டர் நடப்பதைவிட இதில் கிடைப்பது அதிகம்.

அடுத்தது சருகு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இலங்கையின் ஈரவலயக் காடுகளில் பெட்டாலஸ் என்றொரு பேரினம் உண்டு. முதல் சிற்றினம் விவரிக்கப்பட்டது 1875-ல். சில மில்லிமீட்டர் நீளம், குட்டைக் கால், மண் நிறம், முதல் பார்வைக்கு உண்ணி. உடலின் இருபுறமும் கூம்புபோல இரண்டு சிறு முனைகள் நிற்கும். நாற்றச் சுரப்பி அந்த முனையில்தான் திறக்கிறது. ஆணின் நான்காம் காலின் பாதத்தில் ஒரு முள் இருக்கும். பெட்டாலிடே என்ற இந்தக் குடும்பம் இலங்கையைத் தவிர வேறு எங்கெல்லாம் இருக்கிறது தெரியுமா? சிலி, தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பழைய கோண்டுவானா நிலம் உடைந்தபோது துண்டு துண்டாகப் பிரிந்த வாழிடம் அப்படியே வரைபடத்தில் தெரிகிறது. கடலை நீந்தித் தாண்டக்கூடிய விலங்கல்ல இது. 2009-ல் வெளியான ஆய்வு, இலங்கையில் பெயர் வைக்கப்படாத பெட்டாலஸ் சிற்றினங்கள் இன்னும் பல இருப்பதைக் காட்டியது.

அதே கோண்டுவானாவின் துண்டு, இலங்கையோடு ஒட்டிக் கிடந்த நிலம், தென்னிந்தியா. இங்கே இந்தக் குடும்பம் இதுவரை பதிவாகவில்லை. தக்காண எரிமலைகள் குமுறிய காலத்தில் அழிந்ததா? பின்னால் வறண்ட காலங்களில் போனதா? அல்லது அகத்தியமலையிலோ ஆனைமலையிலோ ஒரு சோலையின் சருகுக்குள் இப்போதும் இருக்கிறதா? வடகிழக்கு இந்தியாவிலிருந்து இதே உண்ணி வடிவத் துணைவரிசையின் புதிய பேரினம் ஒன்று, ஆசிய வகையான ஸ்டைலோசெல்லிடே குடும்பத்தைச் சேர்ந்தது, பெயர் பெற்றதே 2007-ல்தான். உலக அளவில் விடை தேடப்படும் கேள்வி இது. உங்கள் படிவம் இதற்கு ‘0’ என்று பதில் எழுதிவிடும். பத்து ஆண்டு கழித்து அந்த அட்டவணையை எடுப்பவர் “இத்தனை சரகங்களில் தேடியும் இல்லை” என்று படிப்பார். தேடவே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சருகைத் தேடும் முறை கடினமானதல்ல. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம், மேல்மண் தெரியும்வரை சருகை வாரி, 8 முதல் 10 மில்லிமீட்டர் கண் கொண்ட சல்லடையில் சலியுங்கள். மரத்தின் பலகை வேர்களுக்கு நடுவிலும், மட்கிய கட்டையின் அடியிலும், சரிவில் சருகு கனமாகச் சேர்ந்த இடத்திலும் எடுங்கள். இடத்துக்குப் பத்துச் சதுரம். சலித்ததில் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். தொந்தரவு செய்தால் இவை காலை ஒடுக்கிச் செத்ததுபோலக் கிடக்கும், மேலே மண் ஒட்டியிருக்கும், மண் துகளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. முதல் நிமிடத்தில் எறும்பும் துள்ளுவாலியும் ஓடி முடிந்துவிடும். எட்டாவது, பத்தாவது நிமிடத்தில் ஒரு மண் துகள் மெல்ல நகரும்.

மிச்சத்தை விங்க்ளர் பையில், அதாவது சருகு உலர உலர உயிர்கள் கீழே உள்ள புட்டிக்குள் இறங்கும் துணிப்பையில், தொங்கவிடுங்கள். 48 மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள், அது உலர்ந்த ஊருக்கு. மழைக்கால முகாமின் திண்ணையில் தொங்கவிட்டால் 48 மணி நேரத்தில் சருகு வாடவே வாடாது, விலங்கும் கீழே இறங்காது. அறைக்குள் 72 மணி நேரம் தொங்கட்டும். நாளுக்கு ஒருமுறை சருகை எடுத்துக் கலைத்துத் திரும்பப் போடுங்கள். மின்விளக்கு வைத்த பெர்லீஸ் புனல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. விளக்கு சூடாக இருந்தால் மெதுவாக நகரும் இவை பாதி வழியிலேயே காய்ந்து செத்துவிடும், புட்டியில் ஒன்றும் விழாது, மறுபடியும் ஒரு 0.

பருவமும் முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் பாதை உலர்ந்திருக்கும், தன்னார்வலர்களும் கிடைப்பார்கள் என்பது புரிகிறது. அப்போது சருகும் உலர்ந்திருக்கும், உயிர்கள் மண்ணுக்குள்ளும் பாறை வெடிப்புக்குள்ளும் இறங்கியிருக்கும். தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு ஒருமுறை, வடகிழக்கு மழையில் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு சுற்று வேண்டும். அட்டை கடிக்கும்தான்.

சேகரிக்கவே கூடாது என்ற விதியின் பின்னால் இருக்கும் நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆனால் ஏலக்காய்த் தோட்டத்தில் அடிக்காட்டை வழித்துச் சருகை வாரும் ஒரு நாள் வேலையில், தீத்தடுப்புக் கோடு போடும் ஒரு நாள் வேலையில் அழியும் உயிர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், ஒரு சிற்றினத்துக்கு ஓர் இடத்தில் மூன்று ஆண், இரண்டு பெண் என்பது ஒன்றுமே இல்லை. அந்த வரம்பை விதியாகவே எழுதுங்கள். குஞ்சுகளை விட்டுவிடச் சொல்லுங்கள். கூட்டமாக இருப்பதை மொத்தமாக அள்ளத் தடை போடுங்கள்.

சேகரித்ததைப் பாழாக்காமல் இருக்கவும் விதி வேண்டும். உயிரோடு பலவற்றை ஒரே மூடிய குப்பியில் போட்டால் நாற்றச் சுரப்பின் ஆவியிலேயே ஒன்றையொன்று கொன்றுவிடும். நீளக்கால் வகைகளைச் சேர்த்துப் போட்டால் கால்கள் கழன்று எது எதனுடையது என்று தெரியாமல் போகும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குப்பி என்பதில் சமரசம் வேண்டாம். உடலுக்கு 80 சதவீத எத்தனால், 24 மணி நேரம் கழித்து அதை ஒருமுறை மாற்ற வேண்டும். 96 சதவீதத்தில் முழு உடலையும் போட்டால் மொறுமொறுப்பாகிக் கால் உதிரும். மரபணுவுக்காக வலது மூன்றாம் காலை மட்டும் பிரித்து 96 சதவீதத்தில் தனியாக வையுங்கள். ஆணின் நான்காம் காலைத் தொடாதீர்கள், லேனியடோரிஸில் அடையாளமே அங்கேதான் இருக்கும். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். சீட்டு குப்பிக்கு உள்ளே, பென்சிலில். பால்பாயின்ட் பேனா எத்தனாலில் கரைந்து ஒரே வாரத்தில் வெள்ளைக் காகிதமாகிவிடும், வெளியே ஒட்டிய சீட்டு முதல் மழையிலேயே போய்விடும். எத்தனால் வாங்க ஆயத்தீர்வை அனுமதி வேண்டும் என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கணக்கில் எடுங்கள். களக்குழு காட்டுக்குள் நுழைந்த பிறகு அனுமதிக்கு எழுதினால் குப்பிகள் காலியாகவே திரும்பும்.

சரகத்துக்கு ஒரு ஜிபிஎஸ் புள்ளி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே சரகத்தில் 600 மீட்டர் உயரத்துப் பசுமைமாறாக் காடும் 2,000 மீட்டர் சோலையும் இருக்கலாம். மேலே இருப்பது கீழே இருக்காது. பழைய அருங்காட்சியகச் சீட்டுகள் பலவற்றில் மலையின் பெயர் மட்டும் இருக்கிறது, அந்தச் சிற்றினத்தை அது கிடைத்த இடத்தில் மறுபடி தேடுவதற்கு எந்தச் சரிவு, எந்த உயரம் என்று தெரியாமல் தவிக்கிறோம். நூறாண்டுக்கு முந்தியவர்களிடம் கருவி இல்லை, மன்னிக்கலாம். கையில் கருவி இருக்கும்போது நாமும் அதையே செய்தால்? வால்பாறைப் பக்கம் தேயிலைக்கு நடுவே நிற்கும் மழைக்காட்டுத் துண்டுகளை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு சிற்றினம் எந்தத் துண்டில் இருக்கிறது என்பதுதான் தகவலே. சரகத்தின் பெயர் எதையும் சொல்லாது.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. ஓப்பிலியோன்களுக்குப் படிவத்தில் தனிக் கட்டம் கொடுங்கள், ‘சிலந்திகளும் அவை போன்றவையும்’ என்பதை எடுத்துவிடுங்கள். 0 என்ற ஒற்றைக் குறிக்குப் பதிலாக மூன்று வேண்டும்: ‘தேடவில்லை’, ‘பகலில் பார்த்தோம், கிடைக்கவில்லை’, ‘இரவிலும் சருகிலும் தேடினோம், கிடைக்கவில்லை’. மூன்றாவதை எழுதுபவர் எத்தனை ஆள்-மணி, எத்தனைச் சதுரம் என்று எண்ணிக்கையும் எழுத வேண்டும். எண்ணிக்கை இல்லாத 0 செல்லாது என்று நெறிமுறையிலேயே சொல்லுங்கள். மற்ற எந்தக் கோரிக்கையையும் ஏற்காவிட்டாலும் இதை ஏற்றாக வேண்டும். செலவும் ஒன்றுமில்லை, படிவத்தை மாற்றி அச்சிட்டால் போதும்.

ஒவ்வொரு 200 மீட்டர் உயரத்துக்கும் ஒரு இரவுத் தேடலும் ஒரு சருகுத் தேடலும் கட்டாயமாகட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் தனி ஜிபிஎஸ் புள்ளியும் உயரமும் வேண்டும். சேகரிப்பு வரம்பை மேலே சொன்னபடி வகுத்து, சரணாலயங்களுக்குள் அதற்கான அனுமதியைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகக் கேட்டு அலையாமல் திட்டம் முழுமைக்கும் ஒரே உத்தரவாகப் பெற்றுத் தாருங்கள். மாதிரிகளை இரண்டு ஊர்களில், இரண்டு நிறுவனங்களில் பிரித்து வையுங்கள். அதில் ஒன்று உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002-ன்படி அறிவிக்கப்பட்ட காப்பகமாக இருக்கட்டும். 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, தென்னமெரிக்க ஓப்பிலியோன் ஆய்வின் தூணாக இருந்த தொகுப்பின் பெரும்பகுதி அதோடு போனது. ஒரே கட்டடத்தில் வைப்பதன் விலை அது.

வேட்டைத் தடுப்புக் காவலர்களும், காடர் போன்ற பழங்குடி மக்களும் இரவுத் தேடலுக்கு வரும்போது அதை வழக்கமான பணியோடு சேர்த்துவிடாமல் தனி இரவுப்படி கொடுங்கள். எந்தப் பாறைக்கு அடியில் எந்த மாதத்தில் இவை கூடுகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். படிவத்தில் கண்டெடுத்தவர் பெயர் என்ற இடத்தில் அவர்கள் பெயர் வரட்டும். திருத்திய நெறிமுறையைத் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும், பெடிபால்ப், பாத நகம் ஆகியவற்றின் கோட்டுப் படங்களோடு, தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாகவே முகாம்களுக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
இந்த மலைகளில் ஓப்பிலியோன்களைத் தேடிப் பதிவு செய்யும் களப்பணியாளர்கள்